கேட்டுத் தெளிதல்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவின்போது திருச்சிராப்பள்ளியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

அழைப்பிதழில் எம் பெயருக்கு எதிரே ‘கல்வியும் முன்னேற்றமும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அத்தலைப்பில் சொல்லத் தக்கவற்றையெல்லாம் எமக்கு முன் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்குப் போ என்றார்கள். பட்டம் பெறு என்றார்கள். பணியில் அமர் என்றார்கள். நன்று. ஆனால் பட்டமும் பெற்று, பணியிலும் அமர்ந்த நம் பிள்ளை, ‘எனக்கு இது தெரியவில்லையே’ என்று திகைத்து நிற்கும் முதல் நாளில் என்ன செய்வது? அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எமக்குக் கொடுக்கப்பட்ட நேரம் முழுவதையும் அந்த ஒரு நாளைப் பற்றியே செலவிட விரும்புகிறோம்.

எம்மிடம் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பயின்ற மாணவி ஒருவர். பெயர் வேண்டா, இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார், கூசுவார். தந்தையார் காந்தி சந்தையில் மூட்டை சுமந்தவர். மகள் பொறியியல் கல்லூரியில் கணிப்பொறித் துறையில் பட்டம் பெற்று, பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். சேர்ந்த ஏழாம் மாதம் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணி, புதிய சேமிப்பு அட்டை ஒன்றுக்கு ‘டிரைவர்’ எழுதுவது. இதைக் கேள்வியுற்ற அவருடைய பாட்டியார், “இவ்வளவு படிக்க வைத்தது டிரைவர் வேலைக்கா?” என்று இரண்டு நாள் சரியாக உண்ணவில்லையாம். (சிரிப்பு)

சிரிக்கிறீர்கள். அந்தச் சொல்லின் பொருள் எமக்கும் அன்று தெரியாது. யாம் வரலாறு படித்த பி.ஏ., பி.எட். கணிப்பொறி பற்றி எமக்குத் தெரிந்த சிறிதளவும், ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக விளங்கிய எழுத்தாளர் சுஜாதா தமிழில் எழுதியவற்றைக் கிளை நூலகத்தில் படித்ததனாலும், பின்னர் இந்த மாணவி பொறுமையோடு விளக்கியதனாலும் வந்தது. பிழையிருப்பின் எம்முடையது, சரியாக இருப்பின் அவர்களுடையது.

கணிப்பொறியின் திரையில் நாம் காண்பனவெல்லாம் மேற்பரப்பே. அவற்றின் அடியில், நினைவகத்தையும் வட்டையும் விசைப்பலகையையும் யார் எப்பொழுது பயன்படுத்தலாம் என்று முறைசெய்யும் நிரல் ஒன்று ஓயாது இயங்குகிறது. அதனைக் கெர்னல் என்பார்கள், உட்கரு எனலாம். பள்ளி அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். மதிப்பெண் பதிவேடு வேண்டுமெனில் ஆசிரியர் தாமே பீரோவைத் திறப்பதில்லை, எழுத்தரிடம் கேட்கிறார். எழுத்தர் உதவியாளரை ஏவுகிறார். எந்தப் பீரோவுக்கு எந்தச் சாவி, எந்தக் கதவை உதைத்தால்தான் திறக்கும் என்பது அந்த உதவியாளருக்குத்தான் தெரியும். எழுத்தர் கெர்னல் என்றால், உதவியாளர் டிரைவர். புதுப் பீரோ வாங்கினால் அதன் பூட்டை அறிந்த புது உதவியாளர் வேண்டும். இம்மாணவி உருவாக்க வேண்டியிருந்தது அத்தகைய ஓர் உதவியாளரை.

இது எளிய பணியன்று. வேறு நிரல்களில் பிழை நேர்ந்தால் அந்த நிரல் மட்டும் நிற்கும். கெர்னலுக்குள் பிழை நேர்ந்தால் பொறி முழுவதும் உறைந்துபோகும். சேமிப்புச் சாதனத்தின் டிரைவரில் நேர்ந்தாலோ, பொறி நன்றாக ஓடுவது போலவே தோன்றும், எழுதிவிட்டேன் என்று வாயால் சொல்லும், உள்ளே எழுதியிருக்காது. சில ஆண்டுகளுக்கு முன் யாம் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஆதிதிராவிட மாணவர் உதவித்தொகைப் பட்டியலை இரண்டு நாள் அமர்ந்து கணிப்பொறியில் ஏற்றினோம். சேமிக்கப்பட்டது என்று திரை சொல்லிற்று. மின்சாரம் நின்றது, வந்தபின் பார்த்தால் கோப்பு வெறுமையாக இருந்தது. அதற்குக் காரணம் டிரைவர்தான் என்று யாம் கூறவில்லை. ஆனால் அந்த ஆண்டு அப்பிள்ளைகளுக்குப் பணம் பிந்தி வந்ததும், ஒரு தாய் அன்றாடம் வாசலில் வந்து நின்றதும் எமக்கு மறக்கவில்லை. எங்கோ பெங்களூரில் ஓர் இளம்பெண் எழுதும் வரிகள் நம் பீரோ வரை வந்து சேர்கின்றன.

அவர் எழுத வேண்டியிருந்தது லினக்ஸ் என்னும் கெர்னலுக்குள். பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தம் இருபத்தோராம் வயதில், 1991ஆம் ஆண்டு வெளியிட்டது அது. முதலில் ஏறத்தாழ 10,000 வரி. இன்று ஏறத்தாழ 4 கோடி வரி. உங்கள் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் அது இருக்கிறது. 2017 நவம்பர் முதல், உலகின் மிகு விரைவுக் கணிப்பொறிகள் ஐந்நூறு என்று வெளியிடப்படும் பட்டியல் முழுவதிலும் அதுவே இருக்கிறது. யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். ஆயினும் 4 கோடி வரியை முழுதும் அறிந்தவர் என்று உலகில் எவரும் இல்லை. டோர்வால்ட்ஸும் இல்லை.

நம் மாணவி முதலில் நாடியது ஒரு புத்தகத்தை. லினக்ஸ் டிரைவர் எழுதுவது எப்படி என்று கார்பெட், ரூபினி, குரோவா-ஹார்ட்மன் ஆகிய மூவர் எழுதிய நூல். மூன்றாம் பதிப்பு 2005. இலவசமாகவே கிடைக்கிறது, நல்ல நூல். அதில் வட்டுச் சாதனங்களுக்கென ஓர் அதிகாரம் உண்டு. அதை அவர் வரிக்கு வரி பின்பற்றினார். நிரல் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. நூல் சொல்லும் வாயிலே இப்போது இல்லை.

ஏன் இல்லை என்பது சுவையான செய்தி. சுழலும் வட்டு நொடிக்கு நூறு, இருநூறு வேண்டுகோள்களைத்தான் முடிக்கும். திருச்சிச் சந்திப்பில் பயணச்சீட்டு தரும் எழுத்தர் மெதுவாக எழுதுபவர் என்றால், வரிசை ஒன்று போதும். பின்னர்ச் சுழலாத நினைவகங்கள் வந்தன. அவை நொடிக்கு இலட்சக்கணக்கில் முடிக்கும். இப்பொழுது எழுத்தர் மின்னலாகச் சீட்டுக் கிழிக்கிறார். ஆனால் மக்கள் எல்லாரும் ஒரே வரிசையில் இடித்துக்கொண்டு நிற்பதால் தாமதம். ஆகவே பல வரிசைகள் கொண்ட புதிய முறை 2014 ஜனவரியில் வெளிவந்த பதிப்பில் சேர்க்கப்பட்டது. சில ஆண்டுகள் பழையதும் புதியதும் அருகருகே இருந்தன. 2019 மார்ச்சில் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில் பழைய வாயிலை இடித்தேவிட்டார்கள். மாணவியின் கையிலிருந்த புத்தகத்திற்கு இது தெரியாது. புத்தகத்தின் குற்றமன்று, அதன் ஆண்டைப் பார்க்காத நம் குற்றம். பாடநூலில் அச்சிட்டது எல்லாம் என்றைக்கும் உண்மை என்று பிள்ளைகளுக்குப் பழக்கியவர்கள் எம்போன்ற ஆசிரியர்களே.

ஒருவாறு புதிய வாயிலைக் கண்டு உள்ளே போனார். சிறிது ஓடிற்று, பிறகு பொறி உறைந்தது. கெர்னல் ஏதோ எச்சரிக்கை எழுதிற்று; அது விளங்கவில்லை. யாரிடமாவது கேட்க வேண்டும். அவர் கேட்கவில்லை. மூன்று வாரம் கேட்கவில்லை! காலையில் எல்லாருக்கும் முன் போய், இரவில் எல்லாருக்கும் பின் திரும்பினார். நாளும் நடக்கும் கூட்டத்தில் “போய்க்கொண்டிருக்கிறது” என்று மட்டும் சொன்னார்.

ஏன் கேட்கவில்லை என்பதை இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. யாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், உளவியல் வகுப்பில் ஒரு நாள் எழுந்து ஐயம் கேட்டோம். விரிவுரையாளர் விடை சொல்லவில்லை. “எந்த ஒதுக்கீட்டில் வந்தீர்?” என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் யாம் வாய் திறக்கவில்லை; ஐயம் இல்லாமையால் அன்று. மற்றவர் பிள்ளை கேட்டால் அது வினா. நம் பிள்ளை கேட்டால் அது வாக்குமூலம். இதை அறிந்த பிள்ளை, தெரியாததை மறைக்கும் திறமையை வளர்த்துக்கொள்கிறது. மற்றவர்க்கோ வீட்டிலேயே ஒரு சிற்றப்பா, அடுத்த தெருவில் ஒரு மைத்துனர், அதே தொழிலில் இருப்பார். வெளியே தெரியாமல் கேட்டுக்கொள்ளலாம். மூட்டை சுமந்தவர் மகள் யாரைக் கேட்பார்?

அவர் மார்கழியில் விடுமுறைக்கு வந்தார். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கமே திணறிக்கொண்டிருந்தது. எம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, “ஐயா, இந்த வேலையை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்” என்றார்.

“எங்கே நிற்கிறாய் அம்மா? சொல்” என்றோம்.

“ஐயா, உங்களுக்கு அது...”

“எமக்கு விளங்காது. விளங்கும் வரை சொல்.”

ஒன்றரை மணி நேரம் சொன்னார். மேலே கூறிய எழுத்தர், உதவியாளர், வரிசை எல்லாம் அப்பொழுது பிறந்த உவமைகள். கெர்னல் வேண்டுகோளைக் கொடுக்கிறது. டிரைவர் வாங்கி அட்டைக்கு அனுப்புகிறது. அந்த அட்டை மிக மெதுவான கம்பி வழியே இணைக்கப்பட்டது. ஆகையால் அனுப்பும்போது டிரைவர் சிறிது நேரம் உறங்கிக் காத்திருக்கிறது. இவ்விடத்தில் யாம் இடைமறித்தோம். “உறங்கலாமா?” என்று கேட்டோம். ரயில்வே கேட் காவலர் இரண்டு வண்டிகளுக்கு நடுவே கண்ணயரலாம்; வண்டி வரும் செய்தி வந்தபின் அயரலாமா என்னும் எண்ணத்தில் கேட்ட கேள்வி அது; பொன்மலைப் பக்கம் வளர்ந்தவனுக்கு வேறென்ன தோன்றும்? மாணவி பதில் சொல்லவில்லை. நீண்ட நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின், “ஐயா, அதுதான் எனக்குத் தெரியாது. அந்த இடத்தில் உறங்க அனுமதி உண்டா என்பது எனக்குத் தெரியாது என்பதே இதுவரை எனக்குத் தெரியவில்லை” என்றார்.

யாம் ஒன்றும் கற்பிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவருக்கு எடுத்துச் சொல்லும்போது, தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவிலுள்ள வரப்பு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த வரப்பின் மேல் நிற்பதுதான் வினா.

அந்த இரவு ஒரு கதையை அவரே கைப்பேசியில் தேடிப் படித்துக் காட்டினார். அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். லினக்ஸுக்கு மூத்தது யூனிக்ஸ். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லயன்ஸ், அதன் ஆறாம் பதிப்பின் கெர்னல் முழுவதையும், ஏறத்தாழ 9,000 வரி, தம் மாணவர்க்காக அச்சிட்டு, 1977இல் அதற்கு உரையும் எழுதினார். நம் இலக்கியங்களுக்கு உரையாசிரியர்கள் எழுதியது போன்ற உரை! 1979இல் அடுத்த பதிப்பு வந்தபோது, உரிமையாளரான நிறுவனம், நிரலை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தக் கூடாதென்று உரிமத்தில் எழுதிவிட்டது. உரைநூல் அச்சில் கிடைக்காமற்போயிற்று. மாணவர்கள் என்ன செய்தார்கள்? ஒளிநகல் எடுத்தார்கள், நகலுக்கு நகல் எடுத்தார்கள், எழுத்து மங்கிய தாள்களை வைத்து இரவில் படித்தார்கள். 1996இல்தான் அது முறைப்படி நூலாக வந்தது. இதற்கிடையே, பாடம் நடத்த நிரல் இல்லையே என்று நெதர்லாந்துப் பேராசிரியர் டானன்பாம் தாமே மினிக்ஸ் என்று ஒன்றை எழுதி 1987இல் வெளியிட்டார். அதைப் படித்து வளர்ந்தவர்தான் டோர்வால்ட்ஸ்.

அந்த யூனிக்ஸ் நிரலில், ஒரு பணியை நிறுத்தி மற்றொன்றுக்கு மாறும் இடத்தில், இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டுமென்று எதிர்பார்க்கப்படவில்லை என்னும் பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. படித்த இளைஞர் பலர் அதைக் கண்டு, இது நமக்கு மேற்பட்டது என்று குன்றியிருப்பார்கள். பிற்காலத்தில் டென்னிஸ் ரிச்சியே அதற்கு விளக்கம் தந்தார்: இது தேர்வில் வராது என்று ஆசிரியர் சொல்வது போல எழுதியது அது, உண்மை என்னவென்றால், அங்கே நடப்பது எங்களுக்கும் சரியாக விளங்கவில்லை என்றார். எழுதியவர்க்கே விளங்கவில்லை! மாணவி இதைப் படித்தபோது சிரித்தார். மூன்று வாரத்தில் முதற்சிரிப்பு என்றார் அவருடைய தாயார்.

நாம் இருப்பதோ ஸ்ரீரங்கத்து மண்ணில். மறைத்து வைத்த பொருளைக் கேட்டுப் பெற்று ஊரறியச் சொன்ன கதை ஒன்று இங்கே வழங்குகிறது. இராமானுசர் இங்கிருந்து திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து, நம்பியிடம் திருமந்திரப் பொருளைக் கேட்டுப் பெற்றார் என்றும், வெளியே சொன்னால் நரகம் என்ற ஆணையை மீறிக் கோபுரத்தின் மீது ஏறி எல்லார்க்கும் உரைத்தார் என்றும் மக்கள் சொல்வார்கள். எம் பாட்டனார் இதை 1947ஆம் ஆண்டு ஆலய நுழைவுச் சட்டத்திற்கு முன், மதிலுக்கு வெளியே நின்று கேட்டவர். அவர் இதைச் சொல்லும்போது கோபுரத்தைப் பற்றி மிகுதியாகப் பேசமாட்டார். “பதினேழு தடவை திருப்பி அனுப்பினார்களே, அந்த மனுசன் பதினெட்டாவது தடவையும் போனார் பார்” என்பார்.

மாணவி முதலில் எழுதியிருந்த வினா இது: ‘என் டிரைவர் ஓடவில்லை, உதவுங்கள்.’ அனுப்பாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. அதற்கு யார் என்ன விடை சொல்ல முடியும்? விடுமுறையின் எஞ்சிய நாட்களை மறுபடி எழுதுவதில் செலவிட்டார். லினக்ஸில் பெரும்பாலான வரிகளை யார், எந்நாளில், எக்காரணத்தால் எழுதினார் என்ற வரலாறு காக்கப்பட்டிருக்கிறது; வில்லங்கச் சான்று எடுப்பது போல எடுத்துப் பார்க்கலாம். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பாளர் என்று பெயருடன் ஒரு கோப்பும் உண்டு. இவற்றைப் படித்தபோதே பாதி ஐயம் தீர்ந்தது. நிறுவனத்தின் நிரலை வெளியாருக்குக் காட்ட உரிமையில்லை; ஆகவே அதே பிழை எழும்படி நாற்பது, ஐம்பது வரியில் ஒரு சிறு டிரைவரைத் தனியாக எழுதினார். கெர்னலின் எந்தப் பதிப்பு, சாதனம் எத்தகையது, எச்சரிக்கையின் முழு வாசகம், தாம் செய்து பார்த்தவை, அவற்றால் விளைந்தவை, எல்லாவற்றையும் எழுதி, இறுதியில் ஒரே வினா: வேண்டுகோளை வாங்கும் இந்தச் செயற்கூறில் காத்திருக்கலாமா, கூடாதெனில் மெதுவான கம்பியில் உள்ள மற்றச் சாதனங்கள் என்ன செய்கின்றன?

முதலில் தம் நிறுவனத்து மூத்த பொறியாளரிடம் காட்டினார். அவர் படித்துவிட்டு, “எனக்கும் தெரியாது, அனுப்புங்கள்” என்றார். மூன்று வாரமாக இவர் அஞ்சியது அந்த மனிதரைத்தான்!

பொறுப்பாளர்களுக்கு அனுப்பிய மறுநாளே விடை வந்தது. வணக்கமும் இல்லை, வசையும் இல்லை, சில வரிகள். அவ்விடத்தில் வழக்கமாக உறங்கக் கூடாது. உறங்கியே தீர வேண்டிய சாதனமாயின், வரிசையை அமைக்கும்போதே அதற்கென உள்ள அடையாளக் குறியை இட்டு அறிவித்துவிட வேண்டும். நினைவட்டைகளுக்கான டிரைவர் அவ்வாறே செய்கிறது, அதைப் பாருங்கள். இறுதி வரியில், அவர் கேளாத ஒன்றையும் கேட்டிருந்தார்கள்: ‘உங்கள் அட்டைக்குள் தற்காலிக நினைவகம் உண்டா? உண்டெனில் அதை ஏன் அறிவிக்கவில்லை?’

உண்டு. அறிவிக்கவில்லை. அறிவிக்காவிட்டால், அட்டைக்குள் போனவுடன் எழுத்து நிலைத்துவிட்டது என்று கெர்னல் நம்பும்; ‘உள்ளிருப்பதையெல்லாம் நிலையாக எழுதிவிடு’ என்ற ஆணையை அனுப்பவே அனுப்பாது. மின்சாரம் நின்றால் அங்கிருந்தது போயிற்று. சோதனையில் இப்பிழை தெரிந்திராது. டிரைவர் நன்றாகவே ஓடியிருக்கும். அந்த அட்டை எந்தப் பள்ளிக்கு, எந்த மருத்துவமனைக்குப் போயிருக்குமோ! நம் மாணவி கேட்டது ஒன்று, காப்பாற்றப்பட்டது வேறொன்று.

எல்லா விடையும் இப்படித்தான் வரும் என்று இளைஞர்களிடம் யாம் பொய் சொல்லமாட்டோம். அந்த உலகிலும் கடுஞ்சொல் உண்டு. டோர்வால்ட்ஸே தம் கடுமைக்காக 2018 செப்டம்பரில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கியிருந்தார். அவ்வாண்டே நடத்தை விதிகளும் ஏற்கப்பட்டன. நீ எழுதியது தவறு என்று ஒருவர் கடிந்தால், திருத்திக்கொண்டு மறுபடி அனுப்பு. நீ பிறந்ததே தவறு என்பது போல ஒருவர் பேசினால், அது விடையன்று. வேறு ஆளைக் கேள். இவ்விரண்டையும் பிரித்தறிய நம் பிள்ளைகளுக்குப் பழக்கம் வேண்டும். எமக்கு அந்தப் பழக்கம் இல்லாமையால் ஓராண்டு வகுப்பை இழந்தோம்.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். படிப்பகத்து மேசையில் நீள்வடிவக் குறிப்பேடு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளி மாணவரோ, பணியில் உள்ளவரோ, தமக்குத் தெரியாததை அதில் எழுதலாம்; பெயர் எழுத வேண்டியதில்லை. விடை தெரிந்தவர் கீழே எழுத வேண்டும். கிடைத்த விடையை எவரும் கிழித்துக்கொண்டு போகக் கூடாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதைத் திறந்து படிப்போம். முதற்பக்கத்தில் நம் மாணவி தம் வினாவையும் வந்த விடையையும் தமிழில் எழுதியிருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், எதிர்மறை எண்ணை எதிர்மறை எண்ணால் பெருக்கினால் நேர்மறை எண் வருவது ஏன் என்று கேட்டிருக்கிறான். அதற்கு இதுவரை மூன்று பேர் மூன்று விதமாக எழுதி, ஒருவரை ஒருவர் மறுத்திருக்கிறார்கள். மூன்றாம் பக்கத்து வினா எம்முடையது. ஆசிரியர்களின் சம்பளப் பட்டியலை இணையத்தில் ஏற்றும் முறையில் ஒரு படி எமக்கு ஓராண்டாக விளங்கவில்லை. எம்மினும் இருபத்தைந்து வயது இளைய கணினி ஆசிரியரிடம் கேட்கக் கூசி, எழுத்தர் தலையில் கட்டிவந்தோம். கையெழுத்தைப் பார்த்தே யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். விடை இன்னும் வரவில்லை.